சிங்கப்பூர்ல பன்னெண்டு மணி நேரம் இருக்கா? தாராளமா வெளிய போங்க

கேள்வி இதுதான். திருச்சில இருந்து மெல்போர்ன் போறாங்க, நடுவுல சிங்கப்பூர். காலைல ஏழரைக்கு சாங்கி ஏர்போர்ட்ல இறங்குறாங்க, அடுத்த ப்ளைட் ராத்திரி எட்டு மணிக்கு. கேட்டவங்களுக்கு ஆஸ்திரேலியா பிஆர், எட்டு வயசு பொண்ணுக்கு ஆஸ்திரேலியா பாஸ்போர்ட், கூட வர்ற அம்மாவுக்கு விசிட்டர் விசா. ஏர்போர்ட்லயே உக்காந்துடலாமா இல்ல வெளிய போலாமா, போனா தேக்கா (லிட்டில் இந்தியாவ நம்ம ஆளுங்க சொல்ற பேரு), மெரினா பே, சென்டோசா எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாத்துடலாமான்னு கேட்டிருக்கீங்க.

போங்க. ஆனா எல்லாத்தையும் பாக்கணும்ங்குறத மட்டும் விட்டுடுங்க. நான் இந்த வழியா பல தடவ போயிருக்கேன், முதல் தடவ போனப்ப நானும் உங்கள மாதிரிதான் ஒரு பெரிய லிஸ்ட் போட்டு வெச்சிருந்தேன், காலைல சென்டோசா, மத்தியானம் மெரினா பே, சாயங்காலம் முஸ்தபா கடைன்னு ஓடி ஓடி கடைசில ரயில் நிக்குற ஸ்டேஷன் பேர் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, பாத்தது ஒண்ணுமே மனசுல தங்கல. அதுக்கப்புறம் ஒரே வழக்கம்தான், ஒரு ஊர்ல ஒரு மூலைய மட்டும் எடுத்துக்குவேன், அத நிதானமா நடந்து பாப்பேன்.

முதல்ல விசா விஷயம், ஏன்னா அது இல்லாம மத்தது எதுவும் நடக்காது. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணும், ஆனா நம்மள மாதிரி வேற நாட்டுக்குப் போற வழில இறங்குறவங்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாம உள்ள விடுற ஒரு வசதி இருக்கு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இதுல எதாவது ஒரு நாட்டோட செல்லுபடியாகுற விசாவோ நீண்ட கால அனுமதியோ இருக்கணும், சிங்கப்பூர்ல நுழையுற தேதில இருந்து அதுக்கு குறைஞ்சது ஒரு மாசமாவது மிச்சம் இருக்கணும், 96 மணிக்குள்ள கெளம்புற டிக்கெட் கைல இருக்கணும். உங்களுக்கு பிஆர், அம்மாவுக்கு விசிட்டர் விசா, ரெண்டு பேருக்கும் இது பொருந்தும். பொண்ணுக்கு ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்ங்குறதால கவலையே இல்ல. ஆனா ஆஸ்திரேலியா விசா பாஸ்போர்ட்ல ஒட்டி வராது, எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, அதனால விசா குடுத்த லெட்டரையும், விசா செல்லுமான்னு காட்டுற வீவோ (VEVO) தளத்தோட பிரிண்ட் அவுட்டையும் பேப்பர்ல எடுத்து வெச்சுக்கங்க, போன்ல இருக்குன்னு விட்டுடாதீங்க, காலைல அந்த நேரம் பாத்து சார்ஜ் இருக்காது. உள்ள விடுறது விடாதது கடைசில கவுன்ட்டர்ல இருக்குற அதிகாரி கைலதான், அதனால கேக்குற பேப்பர உடனே நீட்டுற மாதிரி இருக்கணும். கெளம்புறதுக்கு முன்னாடி சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையோட ஐசிஏ தளத்துல ஒரு தடவ இந்த விதி எல்லாத்தையும் பாத்துக்கங்க, இதெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க. அம்மா தனியா திரும்பி வரும்போதும் இதே வழின்னா அப்ப அவங்க விசால ஒரு மாசம் மிச்சம் இருக்குமான்னு இப்பவே தேதி பாத்துடுங்க, நிறைய பேர் போறப்ப சரியா பாத்துட்டு வர்றப்ப கோட்டை விட்டுடுறாங்க.

எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, வந்து இறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், மூணு பேருக்கும் தனித்தனியா. இது இலவசம். காசு கேக்குற தளம் எதுவா இருந்தாலும் அது அரசாங்கத்தோடது இல்ல, மூடிட்டு வந்துடுங்க.

அடுத்தது பெட்டி. ரெண்டு ப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல இருந்தா திருச்சிலயே பெட்டிய மெல்போர்ன் வரைக்கும் டேக் போட்டுடுவாங்க, கவுன்ட்டர்ல அந்த டேக்ல கடைசி ஊர் என்ன போட்டிருக்குன்னு கண்ணால பாருங்க. தனித்தனியா புக் பண்ணியிருந்தா கதையே வேற, சிங்கப்பூர்ல வெளிய வந்து பெட்டிய எடுத்து மறுபடி செக்கின் பண்ணனும். எனக்கு ஒரு தடவ அப்படி ஆச்சு, கவுன்ட்டர்ல இருந்தவங்க நேரா போயிடும்னு சொன்னத நம்பி டேக்க பாக்காம விட்டுட்டேன், ஊர் சுத்திட்டு திரும்பி வந்து கேட்டா பெட்டி காலைல இருந்து இங்கயே கெடக்கு. ஓடிப்போய் எடுத்து மறுபடி போட்டு கேட் மூடுறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி ஏறினேன். கைப்பைய மட்டும் எங்கயாவது வைக்கணும்னா காசு கட்டி வைக்குற இடம் டெர்மினல்லயே இருக்கு, அம்மாவ தூக்க விடாதீங்க.

புகையில விஷயத்துல ரொம்ப ஜாக்கிரத. சிகரெட்டுக்கு வரி விலக்கே கிடையாது, ஒண்ணு இருந்தாலும் சொல்லணும். வேப், அதாவது இ-சிகரெட், கொண்டு போறது குற்றம், குட்கா, கைனி, ஜர்தா மாதிரி வாயில போடுற புகையில எல்லாமே தடை. பெரியவங்க யாராவது வெத்தல பாக்கு பழக்கத்துல பொட்டலம் வெச்சிருந்தா திருச்சிலயே எடுத்து வெச்சுடுங்க.

நேரக் கணக்கு எப்பவுமே இப்படி போடுங்க: மொத்த நேரத்துல நாலு மணி நேரத்த கழிச்சுடுங்க. இறங்கி இமிக்ரேஷன் தாண்ட முக்கால் மணியில இருந்து ஒரு மணி, திரும்பி வந்து ப்ளைட்டுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டரை மணி, அங்க இங்க தடுமாறுறதுக்கு கொஞ்சம். மிச்சம் இருக்குறதுதான் உங்க நேரம், போக வர பயணமும் அதுக்குள்ளதான். உங்களுக்கு பன்னெண்டரைல நாலு போனா எட்டரை, அருமையான நேரம். மொத்தமே ஆறு மணி நேரத்துக்கும் கம்மியா இருக்குறவங்க ஊருக்குள்ள போக வேணாம், ஏர்போர்ட்ட ஒட்டி இருக்குற ஜுவல் மாலோட நிறுத்திக்கலாம். ஒண்ணு மட்டும், ஜுவல் இமிக்ரேஷனுக்கு வெளிய இருக்கு, விசா இல்லாம அங்க போக முடியாது, இது தெரியாம நிறைய பேர் ஏமாந்து போறாங்க. விசா வழியே இல்லாதவங்களுக்கு உள்ளயே மூணாவது டெர்மினல்ல பட்டாம்பூச்சித் தோட்டம், ரெண்டாவதுல சூரியகாந்தித் தோட்டம், இலவச சினிமா எல்லாம் இருக்கு, குழந்தைங்களுக்கு நேரம் போயிடும்.

இன்னொரு வழியும் சொல்லணும். அஞ்சரை மணி நேரத்துக்கு மேல, 24 மணி நேரத்துக்குள்ள நடுவுல இருக்குறவங்களுக்கு சாங்கி ஏர்போர்ட்டே இலவசமா ஊர் சுத்திக் காட்டுது, ரெண்டரை மணி நேரம், ஏசி பஸ், கூட வழிகாட்டி. முன்கூட்டியே ஆன்லைன்ல புக் பண்ணலாம். உள்ள நுழைய தகுதி இருக்கணும் அவ்ளோதான். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, நடக்க சிரமம்னா யோசிக்காம இதுல ஏறிடுங்க. நடக்க முடியும்னா நான் கீழ சொல்றதத்தான் செய்யச் சொல்வேன், ஏன்னா பஸ்ல இருந்து பாத்த ஊர் ஜன்னலோட போயிடும்.

சரி, ரயிலுக்கு வருவோம். ஸ்டேஷன் ரெண்டாவது மூணாவது டெர்மினலுக்கு நடுவுல இருக்கு. டிக்கெட் வாங்க வேண்டாம், காண்டாக்ட்லெஸ் வசதி உள்ள பேங்க் கார்டு, விசாவோ மாஸ்டர் கார்டோ எதுவா இருந்தாலும் கேட்ல தட்டிட்டு போகலாம், வெளிநாட்டு கார்டுக்கு ஒரு சின்ன கட்டணம் போடுவாங்க. ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்ட ரெண்டு பேருக்குத் தட்ட முடியாது, உள்ள எத தட்டினீங்களோ வெளிய வரும்போதும் அதையேதான் தட்டணும். பொண்ணுக்கும் அம்மாவுக்கும் ஸ்டேஷன்லயே ஒரு பயண அட்டை வாங்கிக் குடுத்துடலாம். அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போ, அங்க இறங்கி நீல நிறக் கோடு, டவுன்டவுன் லைன் மாறுங்க, அதுக்கப்புறம் சைனாடவுன் வரைக்கும் எங்கயும் மாற வேண்டாம். மொத்தம் அம்பது நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். டாக்சில போனா பாதி நேரம்தான், 25ல இருந்து 40 வெள்ளி வரைக்கும் ஆகலாம் (அங்க தமிழ் ஆளுங்க டாலர வெள்ளின்னுதான் சொல்லுவாங்க), மூணு பேர்னா போறப்ப ரயில், வர்றப்ப களைப்பா இருந்தா டாக்சின்னு வெச்சுக்கலாம். ஸ்டேஷன் பேர் பலகைல தமிழும் இருக்கும், பொண்ண வாசிக்கச் சொல்லுங்க. மெல்போர்ன்ல வளர்ற குழந்தைக்கு ஒரு நாட்டோட ரயில்ல தன் பாட்டி பேசுற மொழி எழுதியிருக்குறதப் பாக்குறது சின்ன விஷயம் இல்லைங்க.

தமிழ்க்காரங்க எல்லாரும் நேரா தேக்காவுக்குத்தான் ஓடுறாங்க. நான் சைனாடவுன்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்றேன். ஸ்டேஷன்ல ஏ (A) வாசல்ல ஏறினா பகோடா ஸ்ட்ரீட். சீனக்காரங்க தெருவுக்கு பகோடான்னு பேர் வந்தது எதோ புத்தர் கோயிலால இல்ல, அந்தத் தெரு முனைல இருக்குற நம்ம மாரியம்மன் கோயில் கோபுரத்தப் பாத்துத்தான் அந்தப் பேரு. கோயிலுக்கு அந்தப் பக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட், அதுவும் இதே கோயிலாலதான். இந்தப் பக்கம் மாஸ்க் ஸ்ட்ரீட், அது ஜாமே பள்ளிவாசலால வந்த பேரு, அதையும் கட்டினது சோழமண்டலக் கரைல இருந்து போன சூலியா முஸ்லிம்கள், அதாவது நம்ம கடற்கரை ஊர் மரைக்காயர், லெப்பை மாதிரி ஆளுங்க, 1826ல ஆரம்பிச்ச பள்ளி. சைனாடவுன் நடுவுல மூணு தெருவுக்கு தமிழன் கட்டின கட்டடத்தோட பேரு. இத முதல் தடவ தெரிஞ்சுக்கிட்டப்ப நான் அந்த முச்சந்தியிலயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

மாரியம்மன் கோயில் 1827ல வந்தது, சிங்கப்பூரோட பழைய இந்துக் கோயில் இதுதான். 1819ல சிங்கப்பூர நிறுவின ஆங்கிலேயர் ராபிள்ஸ் கூட பினாங்குல இருந்து கப்பல்ல வந்த நாராயண பிள்ளைதான் ஆரம்பிச்சவர், இங்க வந்து செங்கல் சூளை போட்டு, அப்புறம் துணிக்கடை வெச்சு மேல வந்த மனுஷன். முதல்ல மரமும் ஓலையுமா சின்னதா இருந்துச்சு. அதிகமா நாகப்பட்டினம் கடலூர் பக்கத்து ஆளுங்கதான் கும்பிட்டிருக்காங்க. தீபாவளிக்கு முன்னாடி இங்க தீமிதி நடக்கும். காலைலயே போகச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, கோயில் மத்தியானம் பன்னெண்டு வாக்குல நடை சாத்திட்டா சாயங்காலம்தான் தொறப்பாங்க. நீங்க ஒன்பதேமுக்கால் பத்துக்கு அங்க இருப்பீங்க, அம்மா நிம்மதியா கும்பிட்டுட்டு வரலாம்.

அங்க இருந்து பத்து நிமிஷ நடைல தெலுக் ஆயர் ஸ்ட்ரீட். எனக்கு சிங்கப்பூர்லயே ரொம்பப் பிடிச்ச தெரு இது. தெலுக் ஆயர்னா மலாய்ல தண்ணி வளைகுடா, ஒரு காலத்துல கடல் இந்தத் தெரு ஓரத்துலதான் இருந்துச்சு, 1880கள் வாக்குல கடல மூடினதுல இப்ப கரை எங்கயோ தள்ளிப் போயிடுச்சு, சுத்தி ஆபீஸ் கட்டடம். ஆனா கப்பல்ல வந்து இறங்கினவன் உயிரோட வந்து சேந்தேன்டா சாமின்னு முதல்ல போய் நின்ன இடம் எல்லாம் அப்படியே வரிசையா இருக்கு. சீனாவுல புஜியன்ல இருந்து வந்தவங்க கட்டின தியான் ஹாக் கெங், கடல் தாய் மாசுவுக்கு, 1842ல கட்டி முடிச்சது. அதுல இருந்து கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல், 1827ல ஓலைக் குடிசையா ஆரம்பிச்சதால தமிழ்ல குச்சுப் பள்ளின்னு பேரு. இன்னொரு பக்கம் நாகூர் தர்கா, 1828ல இருந்து 1830க்குள்ள கட்டினது. ஆமா, நாகூர் தர்காவேதான், நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பேர்ல.

எங்க அப்பா நாகப்பட்டினத்துக்காரர். சின்ன வயசுல கந்தூரிக்கு கொடி ஏத்துறதப் பாக்க சைக்கிள்லயே நாகூருக்குப் போனவர், நாங்க இந்து, ஆனாலும் எங்க வீட்ல எந்த நல்ல காரியம்னாலும் நாகூருக்கு ஒரு சக்கரப் பொட்டலம் போகும். அவர நான் முதல் தடவ வெளிநாடு கூட்டிட்டுப் போனப்ப இந்தத் தெருவுல சும்மா நடந்துட்டு வந்தோம், நான் எதையும் சொல்லல. அந்த மூலை மினார் அடுக்கடுக்கா ஏறுறதப் பாத்ததும் அப்பா நின்னுட்டாரு. பெயர்ப் பலகைய வாசிச்சாரு. செருப்ப கழட்டிட்டாரு. அப்புறம் என்கிட்ட, இவ்ளோ தூரம் வந்தவன் கூட இதத்தான் கொண்டாந்திருக்கான் பாருன்னு சொன்னாரு, வேற ஒண்ணும் பேசல. அந்த ப்ரயாணத்துல மெரினா பேவ நாங்க பாக்கவே இல்ல, அப்பா இன்னிக்கும் சிங்கப்பூர்னா அந்தத் தெருவத்தான் சொல்லுவாரு. இப்ப அது நாகூர் தர்கா மரபு நிலையம்னு இருக்கு, தெறந்திருக்குற நேரம் நாளுக்கு நாள் மாறலாம், பூட்டியிருந்தாலும் வெளிய இருந்து பாக்கவே அந்தக் கட்டடம் போதும்.

பசிச்சா பக்கத்துலயே அமோய் ஸ்ட்ரீட் உணவு நிலையமும், மாரியம்மன் கோயில்கிட்ட மேக்ஸ்வெல்லும் இருக்கு. அம்மா சைவம்னா அங்க அலைய வேணாம், தெலுக் ஆயர் ஸ்டேஷன்ல அதே நீலக் கோட்டுல ஏறினா ஆறாவது ஸ்டாப் லிட்டில் இந்தியா. 1947ல இருந்து இருக்குற கோமள விலாஸ் சிராங்கூன் ரோட்டுலதான், அங்க தோசையோ சாப்பாடோ சாப்பிடலாம். மீனு கறி வேணும்னா வாழை இலை போடுற கடை அந்த ரோட்டச் சுத்தி நிறைய. நடுவுல ரெண்டாவது ஸ்டாப் பேஃபிரண்ட், பொண்ணு அந்தக் கப்பல் மாதிரி இருக்குற மெரினா பே சேண்ட்ஸ பாக்கணும்னு அடம் பிடிச்சா அங்க இறங்கி கார்டன்ஸ் பை தி பேல சூப்பர்ட்ரீ மரங்கள கீழ இருந்து பாத்துட்டு ஏறிடலாம், முக்கால் மணி நேரம் போதும். உண்மையச் சொன்னா பகல்ல அதுக்கு அவ்ளோ அழகு இல்ல. ராத்திரி 7:45க்கும் 8:45க்கும் இலவசமா ஒளியும் இசையும் போடுவாங்க, அத பாக்கத்தான் போகணும். உங்க நேரத்துக்கு அது கிடைக்காது, திரும்பி வர்றப்ப சாயங்கால லேஓவர் அமைஞ்சா அப்ப வெச்சுக்கங்க.

லிட்டில் இந்தியால நீங்க இறங்குறது உச்சி வெயில்ல, அதனால சாப்பிட்டதும் நேரா கேம்பல் லேன்ல இருக்குற இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போயிடுங்க, 2015ல தொறந்தது, திங்கக்கிழமை லீவு. ஏசி, உக்கார இடம், சுத்தமான பாத்ரூம், அதோட இங்க வந்த நம்ம ஆளுங்க எப்படி வந்தாங்க என்ன வேலை செஞ்சாங்கன்னு நல்லா வெச்சிருக்காங்க. வெயில் தணிஞ்சதும் வெளிய வந்து நடங்க. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடுன்னு தெருப் பேரு இருக்கும், கெர்பாவ்னாலும் மலாய்ல எருமைதான், இந்த இடமே மாட்டு வியாபாரம் நடந்த பூமி, நம்ம ஆளுங்க இங்க கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம். கெர்பாவ் ரோட்டுல எல்லாக் கலரும் அடிச்ச ஒரு சீன வீடு இருக்கு, டான் டெங் நியா வீடு, 1900ல கட்டினது, பொண்ணு போட்டோ எடுத்துக்கும். வீரமாகாளியம்மன் கோயில் அந்த நேரம் சாத்தியிருக்கலாம், கோபுரத்தையாவது நின்னு பாருங்க, இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்தப்ப ஜனங்க வந்து ஒண்டின கோயில் அது. முஸ்தபாவுக்கு மட்டும் போகாதீங்க. உள்ள போனா ரெண்டு மணி நேரம் எங்க போச்சுன்னு தெரியாது, வாங்கினத தூக்கிட்டு மெல்போர்ன் வரைக்கும் போகணும்.

மூணே முக்கால் நாலு மணிக்கு கெளம்பிடுங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷமும் வேண்டாம். ஒரு சின்ன சூட்சுமம், திரும்பறப்ப லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல ஏறாதீங்க, அந்த லைன் ஊரச் சுத்திட்டு பழைய சைனாடவுன் வழியாவே போகும். பத்து நிமிஷம் நடந்து ஜாலான் புசார் ஸ்டேஷனுக்குப் போய் அங்க எக்ஸ்போ பக்கம் போற ரயில் ஏறினா நிறைய ஸ்டாப் மிச்சம். மழை வந்தா யோசிக்காம டாக்சி, அங்க மத்தியான மழை சொல்லாம கொட்டும், குடை ஒண்ணு கைல இருக்கட்டும்.

அஞ்சு மணிக்கு ஏர்போர்ட் வந்ததும் உடனே உள்ள போயிடாம ஜுவலுக்குப் போங்க, முதல் டெர்மினல ஒட்டி இருக்கு. 40 மீட்டர் உயரத்துல இருந்து கட்டடத்துக்குள்ளயே கொட்டுற அருவி, உலகத்துல உள்ளரங்கு அருவிகள்லயே உயரமானது, பாக்க காசு கிடையாது. அம்மாவ அங்க ஒரு இடத்துல உக்கார வெச்சு ஒரு காபி வாங்கிக் குடுங்க, காலைல இருந்து நடந்த கால் கொஞ்சம் ஆறட்டும். அஞ்சே முக்காலுக்கு எழுந்துடுங்க. சாங்கில முதல் மூணு டெர்மினல்லயும் பாதுகாப்பு சோதனை கேட் வாசல்லதான் நடக்கும், அதனால உள்ள கடைல தண்ணி பாட்டில் வாங்கிட்டுப் போய் கேட்ல தூக்கிப் போடாதீங்க, காலி பாட்டில் வெச்சுக்கிட்டு சோதனை தாண்டி உள்ள போய் பிடிச்சுக்கங்க, குழாய்த் தண்ணியே குடிக்கலாம். அம்மா கைப்பைல ஊறுகாய், தைலம் மாதிரி 100 மில்லிக்கு மேல எதுவும் இருக்கக் கூடாது, எல்லாம் பெட்டிக்குள்ள போகணும். குளிக்கணும்னா உள்ள காசு குடுத்து குளிக்குற இடம் இருக்கு, ராத்திரி ப்ளைட்டுக்கு முன்னாடி அது பெரிய நிம்மதி.

கடைசியா ஒண்ணு, இது ஆஸ்திரேலியா போறவங்களுக்கு மட்டும். தேக்காவுல பழம், கருவேப்பில, பூ எல்லாம் பாத்தா ஆசையா இருக்கும், அங்கயே சாப்பிட்டு முடிச்சுடுங்க, கொண்டு போகாதீங்க. அம்மா கண்டிப்பா சிராங்கூன் ரோட்டுல மல்லிப்பூ வாங்கித் தலைல வெச்சுக்குவாங்க, வெச்சுக்கட்டும், பொண்ணுக்கும் ஒரு மொழம் வெச்சு விடட்டும். ஆனா மெல்போர்ன்ல இறங்குறதுக்கு முன்னாடி ப்ளைட்லயே எடுத்து அங்கயே போட்டுடச் சொல்லுங்க, ஆஸ்திரேலியா வருகை கார்டுல மறந்து டிக் பண்ணாம தலைல பூவோட போய் நின்னா அபராதம் வரைக்கும் போகும்.